செக்ரோலில் எழுதாத நோய்

சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டில் புறப்படும் 170ஆம் எண் பேருந்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிவிடுகிறது. கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு மறுபடி ஏறி, பாலத்தைத் தாண்டி, அந்தக் கரையில் மறுபடி இறங்கினால் ஜோகூர். 1924இல் திறந்த தரைப்பாலம் இது. நீளம் ஒரு கிலோமீட்டர்தான். நாளொன்றுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதைக் கடக்கிறார்கள். நான் போனது மாலை நேரம். பேருந்தின் பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஹெல்மெட்டுக்குள் பல முகங்கள் நம் முகங்கள். விடியுமுன் மூன்று, நான்கு மணிக்கு எழுந்து சிங்கப்பூரில் வேலைக்குப் போய், இருட்டிய பிறகு ஜோகூர் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். அவர்களில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டு, மனம் கெட்டு, வேலையிடத்துக்கு அருகில் ஒரு டாக்டரைப் பார்த்தால் அந்தச் சீட்டு சிங்கப்பூரில் இருக்கும். நோய் முற்றி வீட்டார் அழைத்துப்போனால் புதிய சீட்டு ஜோகூரில் தொடங்கும். ஆள் ஒருவர், நாடு இரண்டு, கோப்பு இரண்டு.

இப்படிப் பார்ப்பது என் தொழில் பழக்கம். தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கேஸ் ஷீட்டுகளை எண் போட்டு அடுக்குவதும், கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. மனநலப் பிரிவில் படிக்கும் டாக்டர்கள் தீசிஸுக்காக வந்து பழைய கட்டுகளைக் கேட்பார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்த வயது, எந்த ஊர், எத்தனை நாள் இருந்தார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று எண்ணுவார்கள். நோய்ப்பரவலியல் என்று அதற்குப் பெயர். ஒரு நோயாளியைப் பார்ப்பது மருத்துவம் என்றால், ஊரையே நோயாளியாகப் பாவித்துக் கணக்கெடுப்பது இது. ஜோகூருக்கு நான் போனதும் இதற்காகத்தான். சொந்தக்காரர்கள் கூலாயில் இருக்கிறார்கள். ஆனால் என்னை இழுத்தது தம்போய்.

ஜோகூர்க்காரர்களிடம் தம்போய் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பெர்மாய் மனநல மருத்துவமனை. நமக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, இலங்கையில் அங்கொடை எப்படியோ, பேராக் பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான் எப்படியோ, அப்படி. நகரத்திலிருந்து ஸ்கூடாய் போகும் சாலையை ஒட்டி, மரங்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் வளாகம். நான் வாசலோடு நின்றுகொண்டேன். உள்ளே பார்க்க அனுமதி கேட்கவில்லை. அங்கே இருப்பவர்கள் நோய்க்கு வந்தவர்கள், பயணிகள் பார்த்துப் போகிற காட்சி அல்ல.

கட்டடம் 1930களில் எழுந்தது. 1941 கடைசியில் ஆஸ்திரேலியப் படையின் 13ஆம் பொது மருத்துவமனை இங்கே வந்து தங்கியது. அடுத்த ஜனவரியில் ஜப்பானியர் நெருங்கியதும் அது சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. பிறகு ஜப்பானிய ராணுவத்தின் ஓக்கா 9420 பிரிவு இதே வளாகத்தைப் பயன்படுத்தியது. கொள்ளைநோயைப் பரப்பத் தெள்ளுப்பூச்சி வளர்த்த பிரிவு அது. சிங்கப்பூரில் பின்னாளில் அமைச்சரான ஓத்மான் வோக், இளைஞராக இருந்தபோது அதன் சிங்கப்பூர்க் கூடத்தில் எலிகளிடமிருந்து தெள்ளுப்பூச்சி எடுக்கும் வேலை செய்ததை 1991இல் வெளிப்படையாகச் சொன்னார். மனம் நொந்தவர்களுக்கென்று கட்டிய இடத்தில் மனிதரைக் கொல்லும் ஆராய்ச்சி நடந்தது. ஆராய்ச்சி என்று யார் சொன்னாலும், யாருக்காக, யாருடைய சம்மதத்தோடு என்று கேட்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வளாகம் போதும்.

இந்தப் பகுதியில் மனநோயாளிகளைக் கவனித்து எழுதும் வழக்கம் அதற்கும் முந்தியது. பாலத்தின் அக்கரையில் சிங்கப்பூர் மனநோய்க் காப்பகத்தைக் கவனித்துவந்த கில்மோர் எல்லிஸ், வெறிகொண்டு கண்டவரைத் தாக்கும் அமோக் பற்றி 1893இலும், திடுக்கிட்டதும் பிறர் செய்வதையே தானும் செய்யும் லாத்தா பற்றி 1897இலும் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1904இல் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின் ஜாவாவின் காப்பகத்துக்கு வந்து அங்கிருந்த நோயாளிகளை ஐரோப்பிய நோயாளிகளோடு ஒப்பிட்டார். மலாய்க்காரனுக்கு இன்ன நோய், சீனனுக்கு இன்ன நோய் என்று இனத்தை நோயோடு கட்டிப்போட்ட காலம். 1973இல் எச்.பி.எம். மர்பி அந்தப் பழைய ஆவணங்களையே திரும்பப் படித்து, அமோக்கும் லாத்தாவும் நூற்றாண்டுகளில் உருவம் மாறி வந்திருப்பதைக் காட்டினார். ஓர் இனத்தின் ரத்தத்தில் ஊறியது என்று எழுதிவைத்தது காலத்தோடு மாறியிருக்கிறது! அதைச் சொல்ல அவருக்குத் துணையாக இருந்தவை பாதுகாத்து வைத்த காகிதங்கள். எழுதியவர்களின் கண் கோணலாக இருந்தாலும் எழுத்து மிஞ்சியதால் கோணலைக் கண்டுபிடிக்க முடிந்தது.

மறுநாள் ஜோகூர் பாருவின் கண்ணாடிக் கோயிலில், ராஜகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்து மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்தோம். என் தம்பி முறை ஆகிறவரின் மகள் உடன் வந்திருந்தாள். அரசுக் கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டன்ட். தே தாரிக் வந்ததும் நான் கேட்டேன்.

“உங்க நாட்டுல மூணுல ஒருத்தருக்கு மனநலப் பிரச்சினைன்னு பேப்பர்ல வந்துச்சே, நிஜமாம்மா?”

“அது 2015 கணக்கு பெரியப்பா. 2019ல வந்த கணக்குல நூத்துக்கு ரெண்டு சொச்சம்தான். அதுக்காக நாலு வருஷத்துல எல்லாருக்கும் குணமாயிடுச்சுன்னு அர்த்தமில்ல.”

அவள் சொன்னது சரி. மலேசியச் சுகாதார அமைச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாகத் தேசிய ஆய்வு நடத்துகிறது. 2015இல் பெரியவர்களில் 29.2 சதவீதம் என்று வந்தது. அப்போது பயன்படுத்தியது பன்னிரண்டு கேள்விகள் கொண்ட பொது உடல்நலப் படிவம். கவலை, தூக்கமின்மை, மனச்சோர்வு, வேலையில் பிடிப்பின்மை எல்லாம் அந்த வலையில் விழும். 2019இல் ஒன்பது கேள்விகள் கொண்ட வேறு படிவம், மனச்சோர்வு நோயை மட்டும் பிடிப்பது. அதில் வந்தது 2.3 சதவீதம், ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். 29 எப்படி 2 ஆனது என்று இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்பதில் பொருளே இல்லை. ஆனால் 2023இல் மனச்சோர்வு 4.6 சதவீதம், சுமார் பத்து லட்சம் பேர் என்று வந்ததே, அதை 2019 கணக்கின் பக்கத்தில் வைக்கலாம். இரட்டித்திருக்கிறது. கவலைப்பட வேண்டிய எண் இது. செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் போட்டது என்னவோ 29ஐத்தான்.

வீடு வீடாகப் போகும் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. கடும் மனச்சிதைவு உள்ளவர் கதவைத் திறக்க மாட்டார், அல்லது வீட்டார் அவரைக் காட்ட மாட்டார்கள். அவர்களைக் காண மருத்துவமனைக் கோப்புதான் வழி. மலேசியா 2003இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென்று ஒரு தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. முதல் மூன்று ஆண்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் பதிவானார்கள். அந்தப் பதிவேடு சொன்னவற்றில் எனக்கு நெஞ்சில் தைத்தது ஒன்று. நோய் தொடங்கியதற்கும் முதல் சிகிச்சைக்கும் நடுவே சராசரியாக இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிவிடுகிறது. அந்த இரண்டு ஆண்டும் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? கோயில், பூசாரி, செய்வினை எடுப்பவர், கடன், அடி, அழுகை. எந்தத் தாளிலும் அது இருக்காது.

“தமிழ்ல கேட்டா அம்மாமாருங்க அழுதுருவாங்க பெரியப்பா. மலாய்ல கேட்டா, ‘ஓக்கே லா, ஒண்ணுமில்ல’ன்னு சொல்லிட்டு மாத்திரை வாங்கிட்டுப் போயிருவாங்க. நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் எரியுதுன்னுதான் வருவாங்க. நான் அதைத்தானே எழுத முடியும்?”

அவள் எழுதும் படிவத்தில் இனம் என்ற கட்டத்தில் மலாய், சீனர், இந்தியர், மற்றவர் என்று இருக்கும். தமிழர் அந்த ‘இந்தியர்’ கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார். கோலாலம்பூரில் வசதியாக வாழும் வக்கீலும், தோட்டம் மூடியதால் அடுக்குமாடிக்கு வந்த பால்மரத் தொழிலாளியின் மகனும் கணக்கில் ஒரே வகை. எந்த மொழியில் அவர் மனம் பேசும் என்பதும், எந்தத் தோட்டத்திலிருந்து எந்த ஆண்டு பெயர்ந்தார் என்பதும் பதிவாவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகத் தோன்றுகிறது. நோயின் வேர் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைப் படிவம் கேட்காமல் விடுகிறது.

பிறகு வடக்கே போனோம். கூலாய் தாண்டியதும் இரு பக்கமும் செம்பனை. ரப்பர் நின்ற இடமெல்லாம் இப்போது அதுதான். உள்ளே வேலை செய்பவர்கள் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். தமிழர்கள் தாமான்கள் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டார்கள். சில இடங்களில் முனீஸ்வரர் கோயில் மட்டும் சாலையோரம் நிற்கிறது. குளுவாங் ரயில் நிலையத்தில் 1938 முதல் நடக்கும் காப்பிக் கடையில் வாட்டிய ரொட்டி சாப்பிட்டுவிட்டு, ஊரோரத்துத் தாமான் ஒன்றில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனோம். எண்பது தாண்டியவர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவர். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் டிரெஸ்ஸர்தான் டாக்டர்.

தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். செக்ரோல் புத்தகத்தில் வந்தவர் பெயருக்கு நேரே குறி விழும், சம்பளம் அதன்படி. வராதவர் நேரே டிரெஸ்ஸரிடம் போய் நோய் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் எழுதவில்லையென்றால் அது சோம்பேறித்தனம்.

“காய்ச்சல்னா காய்ச்சல்னு எழுதுவேன் தம்பி. கத்தி வெட்டுன்னா வெட்டு. மனசு சரியில்லன்னு வர்றவனுக்கு எதை எழுதறது? அதுக்குப் புத்தகத்துல எடமே இல்ல. தலைவலின்னு எழுதுவேன். வயித்துவலின்னு எழுதுவேன். ஒரு பொம்பளைக்கு நாலு மாசம் தலைவலின்னே எழுதியிருக்கேன்.”

“முத்திப்போனா என்னய்யா செய்வீங்க?”

“லாரில ஏத்தி பெரியாஸ்பத்திரி. அங்கேருந்து தம்போய். குணமாகித் திரும்பி வந்தவங்களும் உண்டு. ஆனா வந்தா எங்க இருக்கறது? வேலை செய்யறவனுக்குத்தான் லயத்துல வீடு. பேரு செக்ரோல்ல இல்லன்னா வீடு இல்ல.”

நான் பதிவறையில் இருந்த காலம் முழுக்க ஒரு கேள்வி என்னை உறுத்தியிருக்கிறது. குணமான பின்னும் ஏன் சிலர் ஆண்டுக்கணக்கில் வார்டில் இருக்கிறார்கள்? நோய் தீரவில்லை என்றே கோப்பு காட்டும். பெரியவர் ஒரே வரியில் வேறு காரணம் சொல்லிவிட்டார். வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனவனுக்குத் திரும்பிப்போக இடமில்லை. மருத்துவமனைக் கோப்பையும் தோட்டத்துச் செக்ரோலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத ஆராய்ச்சியாளருக்கு இது தெரியவே தெரியாது. அவர் நோயின் கடுமை என்று எழுதிவிட்டுப் போவார்.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினார். தோட்டம் கைமாறியபோது குப்பையில் போடக் கிடந்தவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். பக்கத்தைத் திறந்தவர், இடது ஓரத்துப் பெயர் வரிசையின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். “பேரு வேணாம் தம்பி. அவங்க பேரப் பிள்ளைங்க இங்கதான் இருக்காங்க. நோயை மட்டும் பாருங்க.” யாரும் அவருக்கு ஆராய்ச்சி நெறி வகுப்பு எடுத்ததில்லை.

நோயை மட்டும் பார்த்தேன். காய்ச்சல், சிரங்கு, பேறு, வெட்டு. நடுநடுவே ‘விபத்து, மருந்து உள்ளே போனது’ என்று ஒரு வரி. களைக்கொல்லி. பக்கங்களைத் திருப்பத் திருப்ப அந்த வரி திரும்பத் திரும்ப வந்தது. விபத்தா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “உள்ளதை எழுதினா போலீஸ் வரும்.”

தற்கொலை முயற்சி மலேசியாவில் குற்றமாக இருந்தது. தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. பிழைத்து எழுந்தவருக்குச் சிறை அல்லது அபராதம். 2023இல்தான் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கியது. அதுவரை எத்தனை டிரெஸ்ஸர்கள், எத்தனை டாக்டர்கள் இரக்கப்பட்டு ‘விபத்து’ என்று எழுதியிருப்பார்கள்! அந்த இரக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் விலை மட்டும் பெரிது. தேசியத் தற்கொலைப் பதிவேடு 2007இல் தொடங்கி வெளியிட்ட அறிக்கைகளில், மக்கள்தொகைக்கு ஏற்பக் கணக்கிட்டால், இந்தியர்களின் விகிதமே மற்ற இனங்களைவிட அதிகமாக வந்தது. அரசுப் பிணவறைகளில் தற்கொலை என்று முடிவான சாவுகளின் கணக்கு அது. விபத்து என்று போனவை அதில் இல்லை. அப்படியும் நாமே முதலில் நின்றோம்.

இந்தக் கணக்கால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இலங்கையைக் காட்டுவேன். 1995இல் அங்கே லட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மருத்துவமனைகளில் சேர்ந்தவர்கள் எந்தப் பூச்சிமருந்தால் வந்தார்கள், எதைக் குடித்தவர்கள் பிழைக்கவில்லை என்பது பதிவுகளில் இருந்தது. மிகக் கொடிய மருந்துகளை 1995இலும் எண்டோசல்பானை 1998இலும் அரசு தடுத்தது. 2005க்குள் விகிதம் பாதியானது. முந்தைய பத்தாண்டோடு ஒப்பிட்டால் 1996 முதல் 2005 வரை சுமார் 19,800 சாவுகள் குறைவு என்று டேவிட் கன்னல், மைக்கேல் எடில்ஸ்டன் முதலானோர் 2007இல் கணக்கிட்டார்கள். நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வருவோர் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. துயரம் அப்படியேதான் இருந்தது. அந்த ஒரு கணத்தின் ஆவேசத்தில் கைக்கு எட்டியது உயிரைப் பறிக்காத பொருளாக இருந்ததால் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்து, மறுநாளைப் பார்த்தார்கள். இதைச் சொன்னவை வார்டு நோட்டுகள்.

மலேசியாவில் பாராக்குவாட் களைக்கொல்லியின் கதை வேறு மாதிரிப் போனது. தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் தமிழ்ப் பெண்கள். அவர்கள் உடம்பில் நஞ்சு ஏறுவதை ஐரின் பெர்னாண்டசின் தெனாகானித்தா அமைப்பு 2002இல் ஆய்வு நூலாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசு பாராக்குவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில். நடுவே ஓடிய ஆண்டுகளுக்கு யாராவது கணக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். குளுவாங் பெரியவரின் நோட்டுப் போன்றவை எல்லாத் தோட்டத்திலும் ஒரு காலத்தில் இருந்தன. ஒன்றாகச் சேர்த்து எண்ணியிருந்தால் வாதம் செய்ய நம் கையில் ஆதாரம் இருந்திருக்கும்.

புலம்பெயர்தலும் மனநோயும் பற்றிய ஆராய்ச்சியே இப்படிக் கோப்பில் பிறந்ததுதான். நார்வே மருத்துவர் ஓடெகோர், அமெரிக்காவின் மின்னசோட்டாவுக்குக் குடியேறிய நார்வேக்காரர்களின் மருத்துவமனைச் சேர்க்கைகளை ஊரிலேயே இருந்துவிட்டவர்களோடு ஒப்பிட்டு 1932இல் எழுதினார். போனவர்களுக்கு மனச்சிதைவு அதிகம். மனம் நிலைகொள்ளாதவர்களே ஊரைவிட்டுப் போகிறார்கள் என்று அவர் காரணம் சொன்னார். பின்னால் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2005இல் கணக்கிட்டபோது, குடியேறியவர்களுக்கு 2.7 மடங்கும் அவர்கள் பிள்ளைகளுக்கு 4.5 மடங்கும் ஆபத்து என்று வந்தது. பிள்ளைகள் எங்கும் குடியேறவில்லை, அங்கேயே பிறந்தவர்கள். ஆகவே புறப்பட்டவரின் மனத்தைக் குற்றம் சொல்ல முடியாது. போன இடம் அவர்களை எப்படி வைத்திருந்தது என்று கேட்டாக வேண்டும். அந்த எண்கள் பெரும்பாலும் ஐரோப்பாவுடையவை, ஜோகூர்த் தமிழருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வி பொருந்தும். கங்காணி அழைத்து வந்தவரின் பேரன், தோட்டத்தில் பிறந்து, தோட்டம் துண்டாடப்பட்டு, அடையாள அட்டைக்கே அலைந்தவன், அவனுடைய மனநலத்தைத் தனியே எண்ணிப் பார்க்க வேண்டாமா?

சென்னையில் ஒரு வேலை நடந்தது. 1981இல் மனச்சிதைவுடன் முதன்முறையாக வந்த 90 பேரை எடுத்துக்கொண்டு, ஆர். தாராவும் சகாக்களும் இருபது ஆண்டுக்கு மேல் விடாமல் பின்தொடர்ந்தார்கள். சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பு அந்த வேலைக்கு வீடாக இருந்தது. பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள். மனச்சிதைவு வந்தால் வாழ்க்கை முடிந்தது என்ற பேச்சை அந்த 90 பேர் பொய்யாக்கினார்கள். முகவரி மாறினாலும் தேடிப்போய்க் கதவைத் தட்டியதால் கிடைத்த முடிவு அது. ஜோகூரில் தோட்டத்திலிருந்து தாமானுக்கு வந்தவர்களை அப்படிப் பின்தொடர்ந்தால் என்ன தெரியவரும் என்று வண்டியில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

கோப்புகளைச் சேர்த்துப் பார்ப்பதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அது வலுவானது. கூலாய் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது உறவுக்காரர் ஒருவர் கேட்டார்: “அண்ணே, என் மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும். அவ டிப்ரஷன்னு மாத்திரை சாப்பிட்டது கம்ப்யூட்டர்ல இருந்தா யார் கண்ணுல படும்னு யாருக்குத் தெரியும்?” ஆதாரமில்லாத பயமா இது? 2018இல் அக்கரைச் சிங்கப்பூரில் சிங்ஹெல்த் கணினிகளிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடப்பட்டது, அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரம் உட்பட. அடுத்த ஆண்டு எச்.ஐ.வி. பதிவேட்டில் இருந்த 14,200 பேரின் பெயர்கள் இணையத்தில் வந்தன. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. மனநோயாளிகளில் பெரும்பாலோர் அரசு மருத்துவமனைக்கே போகிறார்கள் என்பதால், சட்டத்தின் காவல் மிகத் தேவைப்படும் இடத்தில் அது இல்லை. இது திருத்தப்பட வேண்டும்.

அதற்காகக் கோப்புகளைப் பூட்டிவைப்பது தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. தென் லண்டனில் மாட்ஸ்லி மனநல மருத்துவமனை 2008 முதல் ஓர் ஏற்பாட்டை நடத்துகிறது. நம் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் குரொய்டனும் அதன் எல்லைக்குள் வரும். நோயாளிகளின் மின்கோப்புகளில் பெயர், முகவரி, பிறந்தநாள் போன்றவை வரும் இடத்திலெல்லாம் கணினி வெறும் குறியெழுத்துகளை இட்டு மறைத்துவிடும். மிச்சத்தை ஆராய்ச்சியாளர் மருத்துவமனையின் பாதுகாப்புக்குள்ளேயே படிக்கலாம், வெளியே எடுத்துப்போக முடியாது. எந்த ஆய்வுக்கு அனுமதி என்று முடிவு செய்யும் குழுவை நடத்துவது மனநலச் சிகிச்சை பெற்ற ஒருவர். என் கோப்பு வேண்டாம் என்று யாரும் விலகிக்கொள்ளலாம். அந்தக் கோப்புகளிலிருந்து 2011இல் ஒன்று தெரியவந்தது. மனச்சிதைவு உள்ள ஆண்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டு குறைவாக வாழ்கிறார்கள். தற்கொலை மட்டும் காரணமில்லை. மாரடைப்பு, நுரையீரல், சர்க்கரை என்று மற்றவர்களுக்கு வரும் நோய்களே இவர்களை முன்னதாகக் கொண்டுபோகின்றன. இவர் மனநோயாளிதானே என்று நெஞ்சுவலியைக் கேட்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அந்த எண் சாட்சி.

அதே இங்கிலாந்தில், எல்லாக் குடும்ப மருத்துவர்களின் கோப்புகளையும் மையமாகச் சேர்க்க முயன்ற கேர்.டேட்டா திட்டத்தை 2016இல் கைவிட்டார்கள். மக்களிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை, கேட்கவில்லை. லண்டன் கணினி செய்யும் அதே வேலையைக் குளுவாங் டிரெஸ்ஸர் உள்ளங்கையால் செய்தார். கேர்.டேட்டாவை நடத்தியவர்களுக்கு அந்த உள்ளங்கை இல்லாமல் போயிற்று.

ஜோகூருக்கு வசதி இல்லாமலில்லை. 2004இல் திறந்த சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, காகிதமில்லாமல் கணினியிலேயே கோப்பு வைக்கும் மருத்துவமனைகளில் ஒன்று. தம்போயில் பழைய கதை இருக்கிறது. நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக்கென்று நெறிக்குழு இருக்கிறது, பதிவு முறை இருக்கிறது. நான் அறிந்தவரை இல்லாதது, நோயாளியின் தரப்பில் உட்கார்ந்து ஆமாம், இல்லை என்று சொல்ல ஓர் ஆள். அந்த நாற்காலியில் தமிழ் பேசும் ஒருவரும் இருக்க வேண்டும் என்று தமிழ் அமைப்புகள் கேட்க வேண்டும்.

மலேசியாவில் இதைப் படிக்கும் அன்பர்களுக்கு: உங்கள் வீட்டிலோ, மூடிய தோட்டத்தின் அலுவலகத்திலோ, கோயில் கிடங்கிலோ பழைய ஆஸ்பத்திரி நோட்டுகளும் செக்ரோல் புத்தகங்களும் கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். பெயர்களை மறைத்துப் படியெடுத்து, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை போன்ற ஓர் இடத்தில் விசாரித்துக் கொடுங்கள். கிளினிக்கில் மனத்தில் உள்ளதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள், சொன்னது அப்படியே எழுதப்படுகிறதா என்றும் பாருங்கள். உங்கள் கோப்பை ஆராய்ச்சிக்குக் கேட்டால் யார் பார்ப்பார்கள், பெயர் எங்கே போகும், விலகிக்கொள்ள முடியுமா என்று விசாரித்து, பதில் திருப்தியாக இருந்தால் சம்மதியுங்கள். இப்போதே மனம் தாங்கவில்லை என்றால் மலேசியாவில் 15555, இந்தியாவில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். இரண்டும் அரசு நடத்தும் மனநல உதவி எண்கள்.